ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்ப்பவள்



மாலை ஐந்தரை மணிக்குக் கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் நின்று பார்த்திருக்கிறீர்களா? கடைகளிலும் கந்தோர்களிலும் வேலை முடிந்த பெண்கள் கலஹாவுக்கும் கம்பளைக்கும் கட்டுகஸ்தோட்டைக்கும் போகும் பஸ்களை நோக்கி வருவார்கள். அவர்களிற் சிலர் நடப்பதில்லை, ஓடுவார்கள். ஓடுகிறவர்கள் பெரும்பாலும் கைப்பிள்ளைக்காரிகள்.

அப்படி ஓடிய ஒருத்தியை ஒரு நாள் நான் மறித்தேன். ஒரு காலத்தில் என்னிடம் படித்த பெண். "ஏன் பிள்ளை இந்த ஓட்டம்?" என்றேன். "ஆறரைக்குள்ள பிள்ளையை எடுக்கணும் சேர். பிந்தினா அந்த அக்கா முகத்தைச் சுளிப்பாங்க" என்றாள்.

அவள் நகரத்தில் ஒரு புடவைக்கடையில் விற்பனைப் பெண். கணவன் முச்சக்கர வண்டி ஓட்டுகிறான். குடியிருப்பது பேராதனைக்கு அப்பால், கலஹா வீதியில் ஒரு வாடகை அறையில். பிள்ளைக்கு வயது ஒன்றேகால். அயலில் ஓர் அக்கா தன் வீட்டு முன்னறையில் எட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறாள். பணம் குறைவு, பதிவு ஒன்றும் கிடையாது. ஒரு மாலை இவள் போனபோது, கொதித்துக்கொண்டிருந்த கேத்தலுக்கு ஒரு முழத் தூரத்தில் பிள்ளை தனியே உட்கார்ந்திருந்தது. ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அன்றிரவு இவளுக்குத் தூக்கம் வரவில்லை.

நகரத்தில் பதிவு செய்யப்பட்ட பகல் பராமரிப்பு நிலையம் ஒன்றில் விசாரித்தாள். அங்கே சேர்த்தால் சம்பளத்தில் பாதி போய்விடும். "உன் சம்பளத்துல பாதி அதுக்கே போனா நீ வேலைக்குப் போய் என்ன லாபம்?" என்கிறான் கணவன். "பிள்ளையை விட்டுட்டு அப்படி என்ன உழைப்பு?" என்கிறாள் மாமியார்.

"எது சரி சேர்? நீங்களே சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு, பஸ் வரவும் ஏறிப் போய்விட்டாள். அந்த இடத்தில் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவளுக்குச் சொல்ல நினைத்ததையே இங்கே எழுதுகிறேன். நம் வீடுகளிலும் இதே கேள்வி இருக்கிறதல்லவா?

பழமொழி சொல்லாமல் விட்டது

"ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்" என்பது நம் முன்னோர் வாக்கு. பிறர் பிள்ளையிடம் அன்பு காட்டச் சொல்லும் நல்ல வாக்குத்தான். ஆனால் ஊரார் பிள்ளையை ஊட்டுவதையே தொழிலாகக் கொண்ட பெண் ஒருத்தி இருக்கிறாள். காலை ஆறரை முதல் மாலை ஆறரை வரை நம் பிள்ளையை அவள் தூக்குகிறாள், கழுவுகிறாள், ஊட்டுகிறாள், உறங்க வைக்கிறாள். அவளுடைய பிள்ளை தானே வளருமா? அதற்குப் பாலும் கொப்பியும் சப்பாத்தும் தாமே வந்து சேருமா?

பிள்ளையை எங்கே விடலாம் என்று தேடும்போது நாம் கேட்பவை இரண்டு: இடம் நல்லதா? எவ்வளவு பணம்? மூன்றாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. இங்கே பிள்ளை பார்ப்பவளுக்கு எவ்வளவு கிடைக்கிறது? அந்தக் கேள்வியைக் கேட்டால் முதல் இரண்டுக்கும் விடை கிடைக்கும் என்பது என் எண்ணம்.

பிள்ளை மடுவம் நடந்த விதம்

இந்தக் கேள்வி கண்டிச் சீமைத் தமிழருக்குப் புதிதன்று. அந்தப் பெண்ணே சொன்னாள்: "நான் பிள்ளை மடுவத்துல வளர்ந்தவ சேர். அதுக்குன்னு அம்மா தனியா காசு கட்டினதில்லை."

கண்டிக்குத் தென்கிழக்கே லூல்கந்துரையில் 1867 ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அதற்கு முன் இருந்த கோப்பித் தோட்டங்களுக்குப் பெரும்பாலும் ஆண்களே பருவத்துக்கு வந்து, பழம் பறித்துவிட்டுத் திரும்பினார்கள். தேயிலையோ ஆண்டு முழுவதும் கை கேட்டது. அதிலும் பெண்ணின் கையைக் கேட்டது. ஆகவே குடும்பங்கள் லயங்களில் நிலைத்தன. தாய் கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போனால் பிள்ளையை யார் பார்ப்பது? அந்தத் தேவைக்கு விடையாக வந்ததே பிள்ளை மடுவம். பிள்ளைக் காம்பரா என்றும் சொல்வார்கள்.

அதன் பழைய தோற்றம் நம்மிற் பலருக்கு நினைவிருக்கும். தகரக் கூரை, வரிசையாகச் சேலைத் தொட்டில்கள், இடுப்பு விழுந்து இனி மலையேற முடியாத ஒரு கிழவி ஆயாவாக இருப்பாள். விடியற்காலையில் பெரட்டுக்கு முன்னர் தாய்மார் பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டு ஓடுவார்கள். பால் கொடுக்க இடையில் வந்து திரும்பவும் மலைக்கு ஓடுவார்கள். தோட்டம் இதைக் கருணையினால் செய்ததென்று நான் சொல்லவில்லை. மலையில் கொழுந்து முற்றிவிடக்கூடாது என்பதற்காகச் செய்தது. பல மடுவங்கள் இருட்டாகவும் ஈரமாகவும் இருந்தன. அவற்றை நான் புகழ வரவில்லை.

ஆனாலும் அந்த ஏற்பாட்டில் ஓர் உண்மை இருந்தது. தாயின் உழைப்பால் பயன் பெறுகிறவர், அவள் உழைக்கும் நேரத்தில் அவளுடைய பிள்ளையைக் காக்கும் செலவையும் ஏற்க வேண்டும். கூடைக்கும் தராசுக்கும் செலவு உண்டென்றால் தொட்டிலுக்கும் செலவு உண்டு. தோட்டக் கணக்கில் ஆயாவுக்கும் பேர் விழுந்தது.

சட்டத்திலும் இதன் சாயல் உண்டு. 1939 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பாலூட்டும் தொழிலாளிக்கு ஒன்பது மணி நேர வேலையில் இரண்டு இடைவேளை கொடுக்க வேண்டும் என்கிறது. தொழில் கொடுப்பவர் பிள்ளை காக்கும் இடம் அமைத்திருந்தால் ஒவ்வோர் இடைவேளையும் அரை மணி. அமைக்காவிட்டால் ஒரு மணி. அந்த இடத்தை அமைக்காதவர் கூடுதல் நேரத்தை இழக்க வேண்டும் என்று சட்டமே கணக்குப் பார்த்திருக்கிறது.

1992 இல் தோட்டங்களின் முகாமை கம்பனிகளுக்குக் கொடுக்கப்பட்டது. அரசும் கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்த ஒரு நிதியம் அதே ஆண்டில் உருவாகி, 2002 இல் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் என்று பெயர் பெற்றது. பழைய மடுவங்கள் பல சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாயின. கிழவிகளின் இடத்துக்குப் பயிற்சி பெற்ற இளம் பெண்கள் வந்தார்கள். எல்லாத் தோட்டத்திலும் எல்லாம் சரியாகிவிட்டதென்று சொல்ல மாட்டேன். ஆயினும் பிள்ளை பார்ப்பது கிழவிக்கு ஒதுக்கிய மிச்ச வேலையன்று, பயிற்சி வேண்டிய தொழில் என்று அங்கே ஏற்றுக்கொண்டார்கள்.

மலையிலிருந்து இறங்கியபின்

இப்போது அந்தப் பெண்ணைப் பாருங்கள். அவளுடைய தாய் கலஹாப் பக்கத்து மலையில் கொழுந்து எடுத்தவள். தாயின் பிள்ளைக்குத் தோட்டத்திலே ஒரு மடுவம் இருந்தது. மகள் படித்தாள், நகரத்துக்கு வந்தாள், நிழலில் வேலை செய்கிறாள். இது உயர்வுதான். ஆனால் அவளுடைய பிள்ளைக்கு மடுவம் இல்லை. தோட்டத்தில் தொழிலின் செலவாக இருந்த அதே தேவை, நகரத்துக்கு வந்ததும் தாயின் சொந்தத் தொல்லையாக மாறிவிட்டது.

அரசும் இந்தக் கேள்வியைத் தாயிடமே திருப்பிக் கேட்கிறது. வீட்டுப் பணிப்பெண்ணாக மத்திய கிழக்குக்குப் போகும் தாய்க்குக் குடும்பப் பின்னணி அறிக்கை வேண்டும் என்று 2013 இல் விதிக்கப்பட்டது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ளவள் போக முடியாது என்றிருந்தது. 2022 இல் அந்த வயது இரண்டாகக் குறைக்கப்பட்டது. "உன் பிள்ளையை யார் பார்ப்பார்?" என்று கேட்பது நியாயமே. ஆனால் அதே கேள்வியைத் தந்தையிடம் ஏன் கேட்பதில்லை? கேட்கிற அரசு, பார்ப்பதற்கு ஓர் இடத்தையும் காட்ட வேண்டாமா?

மலிவு எங்கிருந்து வருகிறது?

இனிப் பணத்துக்கு வருவோம். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள்.

2026 ஜனவரி முதல் சட்டம் குறித்துள்ள குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபாய். கைக்குழந்தைகள் ஐவருக்கு ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து குழந்தைகளைத் தனியே பார்த்தவர்களுக்கு அதன் பாரம் தெரியும். அவளுக்கு அந்தக் குறைந்த சம்பளத்தையே கொடுத்தால், ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதமும் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் சேர்த்து 34,500 ரூபாய் ஆகிறது. ஒவ்வொரு குடும்பத்தின் பங்கு 6,900 ரூபாய். இன்னும் வீட்டு வாடகை இல்லை, தண்ணீர் இல்லை, வெளிச்சம் இல்லை, பாய் இல்லை, ஒரு பிடி சோறும் இல்லை.

இதிலும் மிகக் குறைந்த பணத்துக்கு ஓரிடம் கிடைக்கிறதென்றால் அந்த மலிவு வானத்திலிருந்து விழுந்ததன்று. ஒன்று, ஒருத்தியிடம் எட்டோ பத்தோ பிள்ளைகள் இருக்கிறார்கள். அப்போது மலிவுக்கு விலை கொடுப்பது பிள்ளை. அல்லது, அவளுக்குச் சட்டப்படியான கூலி இல்லை. அப்போது விலை கொடுப்பது அவளும் அவள் பிள்ளையும். கொதிக்கும் கேத்தலுக்கருகே அந்தக் குழந்தை உட்கார்ந்திருந்தது அந்த அக்காவின் கொடுமையாலன்று. இரண்டு கைகளுக்கு எட்டுப் பிள்ளைகள் என்பதாலேயே.

அதற்காக அந்த அக்காவைத் தூற்றாதீர்கள். தன் வீட்டு முன்னறையைத் திறந்து, பிறர் பிள்ளையின் அழுகையை நாள் முழுவதும் தாங்குகிறாள். நாம் குறைத்துக் கொடுத்ததால் கூட்டிச் சேர்த்தாள்.

பதிவு என்பது என்ன?

"தெரிந்த ஆள்தானே, பதிவெல்லாம் எதற்கு?" என்று நம்மவர்கள் கேட்பதுண்டு. நம்பிக்கை நல்லது. ஆனால் நம்பிக்கை தாயின் மனத்துக்கு ஆறுதல். பிள்ளைக்குப் பாதுகாப்பு வேறு விடயம். மாலையில் நாம் பார்ப்பது முகம் கழுவிப் பவுடர் பூசிய பிள்ளையை. இடையிலுள்ள பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தைப் பற்றிச் சொல்ல அந்தப் பிள்ளைக்கு வாய் இல்லை. பேச முடியாதவனுக்காக மூன்றாம் ஆள் ஒருவர் எட்டிப் பார்க்கும் உரிமையே பதிவு என்பதன் பொருள். நல்லவளாகிய ஆயாவுக்கும் அது அவமானமன்று. "இத்தனை பிள்ளைகளுக்கு மேல் என்னால் ஏற்க முடியாது" என்று சொல்ல அவளுக்கும் அது ஒரு பிடி.

ஆகவே பிரதேச செயலகத்துக்குப் போங்கள். அங்கே முன்பிள்ளைப் பருவ அபிவிருத்தி உத்தியோகத்தரும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் இருக்கிறார்கள். நீங்கள் நினைத்திருக்கும் இடம் பதிவானதா என்று கேளுங்கள். வீட்டுக்கு வரும் குடும்ப நல உத்தியோகத்தரிடமும் கேளுங்கள். எந்த வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று பெரும்பாலும் அவருக்குத் தெரிந்திருக்கும். பிறகு சொல்லாமல் ஒரு நடுப்பகலில் போய்ப் பாருங்கள். ஒருத்தியிடம் எத்தனை பிள்ளைகள்? அடுப்பு எங்கே, தொட்டில் எங்கே? படலை பூட்டியிருக்கிறதா? பிள்ளைகள் உறங்கும்போது பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா? பிள்ளைக்குத் துன்பம் நேர்கிறதென்று கண்டால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அறிவிக்கலாம். அப்படியே அந்த மூன்றாவது கேள்வியையும் கேளுங்கள்: "அக்கா, உங்களுக்கு எவ்வளவு தாறாங்க?"

யாருடைய சம்பளத்தில் கழிப்பது?

கணவன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். "உன் சம்பளத்தில் பாதி போகிறதே" என்றான். வாடகையை நாம் யாருடைய சம்பளத்தில் கழிக்கிறோம்? அரிசியை? குடும்பத்தின் வருமானத்தில் கழிக்கிறோம். பிள்ளை காக்கும் பணத்தை மட்டும் தாயின் சம்பளத்தில் கழிப்பதேன்? பிள்ளை இருவருக்கும் பிறந்ததுதானே! அதை இருவருடைய உழைப்பிலும் வைத்துக் கணக்குப் பார்த்தால், "வேலைக்குப் போய் என்ன லாபம்?" என்ற கேள்வி அவ்வளவு எளிதாக எழாது. பிள்ளைக்கு ஐந்து வயதாகும்போது அந்தச் செலவு குறைந்துவிடும். அதற்காக வேலையை விட்ட தாய்க்கோ விட்ட இடம் காத்திருப்பதில்லை.

மாமியாரின் சொல்லையும் தள்ளிவிட முடியாது. பச்சைக் குழந்தைக்குத் தாயின் மடியைப்போல் வேறில்லை என்பதை யார் மறுப்பார்? தாய் வீட்டிலிருந்து பிள்ளை வளர்ப்பதை நம் திருச்சபையும் உயர்வாகவே பேசுகிறது. ஆனால் அதைச் சொல்பவர்கள் பாதியில் நிறுத்தக்கூடாது. பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1981 இல் மனித உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடல் இதை நேர்மையாக எடுத்துப் பேசுகிறது. தாய் வெளியே வேலை தேடும் கட்டாயமின்றி ஒரு குடும்பம் வாழப் போதுமான கூலி வேண்டும். அல்லது குடும்பப் படியோ தாய்மாருக்கு உதவியோ வேண்டும் என்பது அதன் போதனை. ஒருவனுடைய கூலி குடும்பத்துக்குப் போதாத நிலையை வைத்துக்கொண்டு, "தாய் வீட்டில் இருக்கட்டும்" என்று சொல்வது அறிவுரையாகாது. பாரத்தின்மேல் வைக்கும் பாரம்.

பாட்டி பார்க்கட்டும் என்பார்கள். பாட்டி இருக்கும் வீடு பேறு பெற்றது. ஆனால் அந்தப் பெண்ணின் தாய் இன்னும் மலையில் பேர் போடுகிறாள். அவளுடைய நாட்கூலியும் ஒரு வீட்டுக்கு வேண்டியிருக்கிறது.

தொட்டிலும் முன்னிட்டியும்

பாரிஸ் நகரில் 1844 ஆம் ஆண்டு பிர்மன் மார்போ என்பவர் உழைக்கும் ஏழைத் தாய்மாரின் குழந்தைகளுக்காக ஒரு காப்பகம் திறந்தார். அதற்கு அவர் வைத்த பெயர் "கிரஷ்". பிரெஞ்சு மொழியில் அதன் பொருள் முன்னிட்டி, மாட்டுத் தொழுவத்தின் தீவனத் தொட்டி. உலகமெங்கும் இன்று வழங்கும் அந்தப் பெயர் பெத்லகேமிலிருந்து எடுத்ததுதான். சத்திரத்தில் இடமில்லாத பிள்ளைக்கு ஊர் கொடுக்க வேண்டிய இடம் அது. டில்லியில் 1969 ஆம் ஆண்டு மீரா மகாதேவன் அம்மையார் கட்டட வேலை செய்யும் பெண்களின் குழந்தைகள் புழுதியில் கிடக்கக் கண்டு, வேலைத்தலத்திலேயே ஒரு காப்பகம் தொடங்கினார். "இவர்கள் என் பிள்ளைகளல்லவே" என்று இவ்விருவரும் சொல்லவில்லை.

நாம் என்ன செய்யலாம்? கடை வைத்திருப்பவரே, உங்கள் கடையில் ஆறு தாய்மார் வேலை செய்தால் அவர்களுடைய பராமரிப்புப் பணத்தில் ஒரு பங்கை ஏற்க முடியாதா? பக்கத்துக் கடைக்காரர்கள் நால்வரைச் சேர்த்துக்கொண்டால் நகரத்திலே ஓர் அறை எடுக்க முடியாதா? ஞாயிறன்று மட்டும் திறந்து ஆறு நாள் பூட்டிக் கிடக்கும் மண்டபங்கள் நம்மிடம் இல்லையா? வீட்டில் ஒரு பெண்ணை வைத்துப் பிள்ளை பார்ப்பவரே, அவளுடைய பிள்ளையை இந்த நேரத்தில் யார் பார்க்கிறார் என்று ஒரு நாளாவது கேட்டீர்களா?

சில வாரங்களின் பின் அந்தப் பெண்ணை மறுபடி அதே இடத்தில் கண்டேன். நான் எண்ணியதைச் சொன்னேன். கணவனும் மனைவியும் உட்கார்ந்து புதிதாகக் கணக்கெழுதியிருக்கிறார்கள். நகரத்து நிலையத்தை அவர்களால் எட்ட முடியவில்லை. ஆனால் அயலிலுள்ள மற்றத் தாய்மாரோடு பேசி, எல்லோரும் கூட்டிக் கொடுப்பதென்று முடிவு செய்திருக்கிறார்கள். அந்த அக்கா தன் தங்கையைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டாள். அடுப்படிக்கு ஒரு படலை வைத்தாள். பதிவுக்காகப் பிரதேச செயலகத்துக்குப் போய் வரவும் சம்மதித்திருக்கிறாள்.

"இப்ப கொஞ்சம் கஷ்டந்தான் சேர், மாசக் கடைசியில" என்றாள். பிறகு சிறிது தயங்கிவிட்டுச் சொன்னாள்: "அந்த அக்காவுக்கும் ரெண்டு பிள்ளை இருக்கு சேர். இவ்வளவு நாளா நான் கேட்டதே இல்லை."

பஸ் வந்தது. அவள் ஏறிப் போனாள்.

வாசகர்களே, உங்கள் பிள்ளையை இன்று பார்த்துக்கொண்டவளுக்கு எத்தனை பிள்ளைகள்? நாளைக் காலை பிள்ளையை அவள் கையில் கொடுக்கும்போது கேட்டுப் பாருங்கள்.